1/72 பாய்க்கப்பலுக்குச் சின்னச் சிற்பங்கள்: என் சிங்கம் ஏன் பூனையாகவே வருகிறது?

கல்லடித்தோணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக ஒரு ஒல்லாந்தக் கப்பலைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்டியில் வாங்கிய சாமான் இல்லை, வரைபடத்தை மட்டும் இணையத்திலிருந்து எடுத்து, ஏரா என்கிற அடிமரத்திலிருந்து மேற்தட்டு வரைக்கும் எல்லாம் கையால் அறுத்துச் செய்தது. கப்பலின் பெயர் பட்டேவியா. 1628இல் ஆம்ஸ்டர்டாமில் கட்டி, முதல் பயணத்திலேயே 1629 யூனில் மேற்கு அவுஸ்திரேலியக் கரைக்கு அப்பால் பாறையில் ஏறி உடைந்துபோனது. உலகத்தில் எத்தனையோ கப்பல் இருக்க உடைந்த கப்பலா கிடைத்தது என்று மனைவி கேட்டார். நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மட்டக்களப்பில் புளியந்தீவுக் கோட்டையைக் கடந்துதான் போகிறேன். அந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியதும் அதே 1628இல்தான், பத்தே வருடத்தில், 1638 மே மாதம், ஒல்லாந்தர் வந்து பிடித்துக்கொண்டார்கள். வந்தவர்கள் எந்த மாதிரிக் கப்பலில் வந்திருப்பார்கள் என்று யோசிக்கப்போய் இப்போது வீட்டில் ஒரு அறை முழுக்க மரத்தூள்.

அளவு 1/72. உண்மைக் கப்பல் 56 மீற்றருக்குக் கொஞ்சம் மேல், என்னுடையது 78 சென்ரிமீற்றர். உடல் முடிந்துவிட்டது, பீரங்கி வாசல்கள் முடிந்துவிட்டன, பாய்மரம் கயிறு எல்லாம் பிறகு பார்க்கலாம். சிக்கல் சிற்பத்தில். அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், பாய்கிற மாதிரி ஒரு சிங்கம் வேண்டும், பின்முகப்பில் ஆள் உருவங்களும் பூவேலையும் வேண்டும். என் வரைபடத்தின்படி அதில் 14 உருவங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி.

இதுவரை நடந்தது: முதல் சிங்கம் தேக்கு, பழைய ஜன்னல் சட்டத்திலிருந்து அறுத்த துண்டு. காது செதுக்கும்போது பிளந்து முகத்தில் பாதி போய்விட்டது. இரண்டாவது வேம்பு, ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வெட்டுப்பட்டது, மறுபக்கம் உளியைப் பிடித்து இழுத்தது. மூன்றாவது, குழாய் ஒழுகினால் வைத்து அடைக்கிற இரண்டு துண்டு எப்பொக்சிக் களி. அது கையில் ஒட்டி, காலையில் பார்த்தால் பிடரி மயிர் எல்லாம் வழிந்து கழுத்தில் துவாய் போட்ட மாதிரி. மூன்றையும் மகளிடம் காட்டினேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான், பூனை.

நுண்ணிய செதுக்கலுக்குப் பாவிக்கிற பொக்ஸ்வுட் மரத்தை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வசதியில்லை. கணினியில் வரைந்து மெஷினில் அச்சடிக்கலாம் என்று சொல்ல வருபவர்களுக்கு முன்கூட்டியே நன்றி, அது வேண்டாம், கையாலேயே செய்ய ஆசை. எந்த மரம், எந்த ஆயுதம், அந்த 14 உருவத்துக்கும் என்ன வழி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓடாவிபேரன் எழுதியது:

தம்பி, முதல் பிழை மரத்தில். தேக்கில் இந்த அளவு வேலை நடக்காது. தேக்கின் நரம்புத் துளை ஒவ்வொன்றும் கால் மில்லிமீற்றர் வரும், கண்ணுக்கு ஒன்றுமில்லை, ஆனால் 72ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் சிங்கத்தின் கன்னத்தில் விரல் அகலத்துக்குப் பள்ளம் பள்ளமாக இருக்கிறது என்று அர்த்தம். வேம்பில் நார் ஒரு வரி இப்படியும் அடுத்த வரி எதிர்ப்பக்கமும் ஓடும், அதனால்தான் உளி இழுத்தது. கதவுக்கும் கட்டிலுக்கும் அது நல்ல மரம், நான்கு சென்ரிமீற்றர் சிங்கத்துக்கு உதவாது.

வளவுக்குள் தேடுங்கள். தேசி, தோடை, கொய்யா. மூன்றுமே நரம்பு நெருங்கிய, துளை தெரியாத மரம், குறுக்கே வெட்டினாலும் பொடியாமல் சீஸ் மாதிரி வெட்டுப்படும். கை மணிக்கட்டுத் தடிப்பில் ஒரு கொப்பு போதும். பச்சையாக வெட்டினால் உடனே நீளவாக்கில் நாலாகப் பிளந்து, நடுச்சோற்றை எடுத்துவிட்டு, இரண்டு வெட்டுமுகத்துக்கும் மெழுகோ பெயின்ற்றோ பூசி, நிழலில் காற்றுப்படுகிற இடத்தில் ஆறு மாதமாவது கிடக்கட்டும். வெயிலில் வைக்க வேண்டாம், வெடித்துவிடும். மாரி தொடங்குவதற்கு முன் வெட்டினீர்கள் என்றால் அடுப்படிப் பரணில் போடுங்கள், இங்கே ஐப்பசி, கார்த்திகையில் வெளியே வைத்த மரம் காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும்.

என் அப்பப்பா ஓடாவி, வாவியில் ஓடுகிற தோணிதான் தொழில், ஆனால் கோயில் வாகனத்துக்கு ஆசாரிமார் வந்தால் அவர்களோடு உட்கார்ந்து சில்லறை வேலையும் செய்வார். அவரிடம் பார்த்தது ஒன்று. யாளிக்கு முகம் செதுக்கும்போது கண்ணைக் கடைசியிலும் செய்யமாட்டார், கண் இருக்கிற குழியைத்தான் செய்வார். கண்ணுக்கு மேலே புருவத்தை முன்னுக்கு விட்டு, அதற்குக் கீழே ஒரே குத்து, ஆழமாக. தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அந்த நிழல்தான் கண். உங்களுக்கும் அதே கணக்கு. ஒன்றரை மீற்றர் உயர உருவம் உங்கள் கப்பலில் இரண்டு சென்ரிமீற்றர். அதில் கண் எவ்வளவு தெரியுமா, 0.4 மில்லிமீற்றர். அதைச் செதுக்கப்போனால் கண் வராது, முகம் தேயும். வாய்க்கு ஒரு வெட்டு, தாடைக்குக் கீழே ஒரு ஆழமான வெட்டு, பிடரிக்கும் முகத்துக்கும் நடுவில் நல்ல பள்ளம். உங்கள் சிங்கம் பூனையானதற்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் எல்லாவற்றையும் மெதுமெதுவென்று சாண்ட் பேப்பர் போட்டு உருட்டியிருப்பீர்கள். சாண்ட் பேப்பரைத் தள்ளி வையுங்கள். வெட்டுத் தெரியட்டும்.

இன்னொன்று, சிங்கத்தைக் கட்டையிலிருந்து பிரிக்காமல் வேலை செய்யுங்கள். ஒரு சாண் நீளக் கட்டை எடுத்து அதன் நுனியில் சிங்கம், மிச்சம் கைப்பிடி. பக்கவாட்டு உருவத்தை ஒரு பக்கத்திலும் மேலிருந்து பார்க்கிற உருவத்தை மற்றப் பக்கத்திலும் கீறி, சின்ன வாளால் இரண்டையும் அறுத்து எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் கடைசி அறுப்பு.

ஆயுதத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சாக்குத் தைக்கிற ஊசி வாங்குங்கள். நுனியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தட்டித் தட்டையாக்கி, உளி முகம் வைத்து, மறுபடி சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கண்ணாடி மாதிரி இறுகும். அப்படியே விட்டால் முதல் குத்திலேயே நொறுங்கும், அதனால் பளபளவென்று தேய்த்துவிட்டு மெல்லச் சூடு காட்டுங்கள், வைக்கோல் நிறம் ஓடி வரும், அந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீரில் போடுங்கள். கொய்யாக் கம்பில் துளை போட்டுச் செருகினால் பிடி. நான் ஐந்து வைத்திருக்கிறேன், ஒன்று வளைந்தது, ஒன்று கத்தி முனை, மற்றவை தட்டை.


பல்லுளி எழுதியது:

ஓடாவிபேரன் அண்ணன் சொன்ன மரவேலை எல்லாம் சரி, ஆனால் முதல்முறை செய்கிற ஆளுக்கு மரம் கொஞ்சம் இரக்கமில்லாத சாமான். வெட்டினது வெட்டினதுதான், திருப்பி ஒட்ட ஏலாது. நான் கல்முனைப் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறேன், பல் படிக்கிறவர்கள் மெழுகுக் கட்டியில் கடைவாய்ப்பல் செதுக்கித்தான் கை பழகுவார்கள். அதற்கென்றே லெக்ரான் என்று ஒரு ஆயுதம் இருக்கிறது, ஒரு நுனி கத்தி, மறுநுனி சின்னக் கரண்டி. சிங்கத்தை முதலில் மெழுகில் ஒன்று செய்து பாருங்கள், பிழைத்தால் சூடு காட்டி நிரப்பலாம். முகம் எங்கே பூனையாகிறது என்று அதிலேயே பிடிபடும். என் அனுமானம், மூக்குத்தண்டு குட்டையாக இருக்கும். சிங்கத்துக்கு மூக்குத்தண்டு நீளம், அகலம், நெற்றி தட்டை. நெற்றியை உருட்டி மூக்கைக் குறைத்தால் எவன் செய்தாலும் பூனைதான்.

மறுகா அந்த எப்பொக்சிக் களி. அதைக் குறை சொல்லாதீர்கள், நீங்கள் ஒரே தடவையில் முழுச் சிங்கத்தையும் வைத்திருக்கிறீர்கள், அதுதான் வழிந்தது. மெல்லிய செம்புக் கம்பியை முறுக்கி எலும்புக்கூடு மாதிரி ஒன்று செய்து, அதன்மேல் கரடுமுரடாக ஒரு படை, அது கல்லாக இறுகும் வரைக்கும் தொடாமல் விடுங்கள். அடுத்த நாள் தசை. அதற்கடுத்த நாள் பிடரி, ஒவ்வொரு கற்றையாக, புழு மாதிரி உருட்டி வைத்து ஊசியால் கீறி. எங்கள் வெக்கைக்குக் களி சீக்கிரம் முறுகும், பகலில் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் கையாள ஏலாது, அதனால் விரலளவு மட்டும் குழையுங்கள், இரவில் செய்யுங்கள். விரலையும் ஆயுதத்தையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது. கையுறை கட்டாயம், எப்பொக்சி சிலருக்குத் தோலில் அலர்ஜி கிளப்பும், ஒருமுறை வந்தால் பிறகு விடாது.

தெரிந்த பல் வைத்தியர் இருந்தால் தேய்ந்துபோன டிரில் முனைகளைக் கேட்டுப் பாருங்கள். பல்லுக்கு அவை உதவாது, மரத்துக்கும் களிக்கும் இன்னும் நிறையக் காலம் ஓடும். கிருமி நீக்கித் தரச் சொல்லுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.


மருதமுனையான் எழுதியது:

14 உருவத்துக்கு ஏன் 14 தரம் செதுக்குவான். ஒன்றை நல்லாச் செய்து அச்சு எடுத்தால் முடிந்தது. பாத்ரூமுக்கு அடிக்கிற சிலிக்கன் டியூப் ஒன்று வாங்குங்க, வினாகிரி வாசம் அடிக்கிற வகை, அதோடு சோளமாவைச் சேர்த்து ரொட்டி மாப் பதத்துக்குக் குழைத்து உருவத்தின் மேல் அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் ரப்பராகிடும். கையில் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணி தடவிக்கொண்டு குழைக்கணும், இல்லாவிட்டால் அன்றைக்கு முழுக்க விரலைப் பிரிக்கேலாது. ஜன்னலைத் திறந்து வையுங்க.

அச்சுக்குள் ஊற்ற ஈயம்தான் சுகம். வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு எங்கட ஊரில் எந்தக் கடையிலும் இருக்கு, பழைய கரண்டியில் உருக்கி ஊற்றலாம். நல்ல பாரம், கூர் எல்லாம் விழும், பெயின்ற்றும் பிடிக்கும்.


காரைதீவு_ஸ்டொக்ஹோம் எழுதியது:

நானா குறை நினைக்க வேண்டாம், அச்சு யோசனை அருமை, ஈயம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒன்று, ஈயம் உருகுவது 327 பாகையில், அந்தச் சூட்டுக்கு சோளமாச் சிலிக்கன் தாங்காது, புகைந்து பொரியும். இரண்டு, வீட்டுக்குள் ஈயத்தை உருக்குவது, அதுவும் பிள்ளை இருக்கிற வீட்டில், யோசித்துப் பாருங்கள். மூன்றாவதுதான் மாதிரிக் கப்பல்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. மரமும் ஒட்டுப்பலகைப் பசையும் கொஞ்சம் கொஞ்சமாக அசற்றிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும், நீங்கள் சொன்ன அந்த வினாகிரி வாசமும் அதுதான். கப்பலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூடி வைத்தால் ஆவி வெளியே போக வழியில்லை, ஈயம் அதைக் குடித்து வெள்ளைப் பொடியாகப் பூத்து உதிரும். பழைய மாதிரிக் கப்பல்களின் ஈயப் பீரங்கிகள் இப்படித்தான் அழிந்தன. பொடியும் நஞ்சு. அச்சுக்குள் பேபி பவுடர் தூவி அந்த எப்பொக்சிக் களியையே அழுத்தி எடுங்கள், பின்பக்கம் தட்டையாகத்தானே ஒட்டப்போகிறது.

தம்பி கல்லடித்தோணி, நான் காரைதீவுப் பிள்ளை, இங்கே ஸ்டொக்ஹோமில் இருபது வருடத்துக்கு மேல். வாசா கப்பல் வைத்திருக்கிற மியூசியத்துக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்ப் போய் எனக்கே மனப்பாடம். அதுவும் உங்கள் 1628தான். ஓகஸ்ட் 10ஆம் தேதி முதல் பயணத்தில் துறைமுகத்துக்குள்ளேயே சாய்ந்து தாண்டு, 333 வருடம் அடியில் கிடந்து, 1961 ஏப்ரலில் தூக்கினார்கள். சுவீடன் ராசாவின் கப்பல் என்றாலும் கட்டத் தொடங்கிய தலைமை மேஸ்திரி ஒல்லாந்தில் பிறந்தவர், அதனால் உங்கள் பட்டேவியாவுக்கு இதைப் பார்த்துப் படிப்பதில் பிழையில்லை. ஒல்லாந்திலேயே லெலிஸ்டாட்டில் பட்டேவியாவை முழு அளவில் திரும்பக் கட்டி 1995இல் தண்ணீரில் விட்டார்கள், அதன் படங்களும் நிறையக் கிடைக்கும், ஆனால் அது புது வேலை. வாசாவில் இருப்பது அந்தக் காலத்துச் சிற்பிகளின் உளித்தடம்.

உங்களுக்குப் பயன்படுகிற விஷயம் இரண்டு. அணியத்துச் சிங்கம் மூன்று மீற்றர் நீளம், அதை அவர்கள் ஒரே கட்டையில் செதுக்கவில்லை, துண்டு துண்டாகச் செய்து ஆணி முடுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். மூன்று மீற்றர் சிங்கத்தையே துண்டாகச் செய்தவர்கள் இருக்க, நாலு சென்ரிமீற்றரை நீங்கள் ஏன் ஒரே கட்டையில் செய்து காதை உடைக்க வேண்டும்? முன்னங்கால் இரண்டையும் தனியாகச் செய்யுங்கள், நார் காலின் நீளத்துக்கு ஓடுகிற மாதிரிக் கட்டையைத் திருப்பி வைத்து. உடலோடு சேர்த்துச் செதுக்கினால் கால் குறுக்கு நாரில் வரும், ஒட்டும்போது இல்லாவிட்டால் தூசு தட்டும்போது உடையும்.

இரண்டாவது நிறம். தூக்கிய புதிதில் நீலப் பின்னணியில் தங்கச் சிற்பம் என்றுதான் நினைத்திருந்தார்கள், பிறகு 1990களில் மரத்தில் ஒட்டியிருந்த நிறத்துகளை ஆராய்ந்தபோது பின்னணி சிவப்பு, உருவங்களுக்கு உடம்பு நிறம், உடுப்புக்குப் பச்சை, மஞ்சள் என்று நம்மூர்க் கோபுரம் மாதிரியே வந்தது. மியூசியத்தில் அந்த நிறம் பூசிய பிரதிகளை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சந்தோசமும் வந்தது. ஆகவே எல்லாவற்றையும் தங்கப் பெயின்ற்றில் முக்க வேண்டாம். முழுத் தங்கம் பூசினால் கல்யாண மண்டபத்து மாப்பிள்ளைக் கதிரை மாதிரி இருக்கும். அடியில் மஞ்சள் காவி, பள்ளங்களுக்குள் தண்ணீராகக் கரைத்த கபில நிறத்தை ஓடவிட்டுத் துடைத்து, பிடரியின் மேடுகளில் மட்டும் தங்கத்தைக் காய்ந்த தூரிகையால் தடவுங்கள்.


மருதமுனையான் எழுதியது:

ஓம் அக்கா, அந்த வெள்ளைப் பொடி விஷயம் தெரியாது. நான் செய்த தோணி மாதிரி ஒன்றில் நங்கூரம் ஈயம், இப்பதான் போய்ப் பார்த்தேன், அடியில் மாப் பூசின மாதிரி இருக்கு. கழற்றப் போறன்.


கல்லடித்தோணி எழுதியது:

எல்லோருக்கும் பெரிய நன்றி. உடனே பதில் போடாததற்கு மன்னிக்கவும், சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன், இரண்டு மாதம் போய்விட்டது.

சாக்கு ஊசி உளி மூன்று செய்தேன். முதலாவதை வைக்கோல் நிறம் வரும் வரை பார்க்கிறேன் என்று அது நீலத்துக்குப் போய்விட்டது, இப்போது மெழுகுக்கு மட்டும் பாவிக்கிறேன். மற்ற இரண்டும் சவர அலகு மாதிரி. மாமியார் வீட்டில் போன வருடம் தறித்த கொய்யா, விறகுக்கு அடுக்கி வைத்திருந்தார்கள், அதில் வெடிக்காத துண்டு இரண்டு கிடைத்தது. இந்த மரத்தைப் பற்றி ஏன் யாரும் முன்பே சொல்லவில்லை? சவர்க்காரத்தைச் செதுக்குகிற மாதிரிச் சுருள் சுருளாக வருகிறது.

பல்லுளி சொன்ன மாதிரி முதலில் மெழுகில். மூக்குத்தண்டு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. கால் இரண்டும் தனி. கண் செதுக்கவில்லை, புருவத்துக்குக் கீழே ஒரே குத்து. மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்துவிட்டுக் கதவடியில் நின்று பார்த்தேன், அது என்னை முறைத்துப் பார்க்கிறது, உண்மையில் அங்கே ஒன்றுமேயில்லை, ஒரு குழிதான்.

மகளின் தீர்ப்பு: நாய். ஆனால் கோபக்கார நாய் என்றாள்.

14 உருவத்தில் ஒன்றைக் கொய்யாவில் செய்து சோளமாச் சிலிக்கனில் அச்சு எடுத்தேன். ஆறு அழுத்தி எடுத்தாயிற்று, மூன்று நன்றாக வந்தது, மூன்றில் காற்றுக் குமிழி முகத்திலேயே உட்கார்ந்துவிட்டது. அதற்கு என்ன செய்வது? அடுத்தது, ஆறும் அச்சு அசலாக ஒரே மாதிரி நிற்பது ஏதோ பள்ளிக்கூடத்து அசெம்பிளி மாதிரி இருக்கிறது.


பல்லுளி எழுதியது:

குமிழிக்கு: களியை உருண்டையாகப் போட்டு அழுத்தாதீர்கள். முதலில் கடுகளவு எடுத்து முகக்குழிக்குள் ஊசி நுனியால் தேய்த்து அப்புங்கள், பிறகுதான் மிச்சம். பல்லுக்கு அச்சு எடுக்கும்போது நாங்களும் பல்லின் மேடுபள்ளத்தில் விரலால் கொஞ்சம் பூசிவிட்டுத்தான் அச்சுக் களி நிரப்பிய தட்டை வாய்க்குள் வைப்போம்.

ஒரே மாதிரி நிற்பதற்கு: அச்சிலிருந்து எடுத்தவுடன் களி தோல் மாதிரி வளைகிற பதத்தில் இருக்கும், அந்த நேரத்தில் ஒன்றின் தலையை இடப்பக்கம் திருப்புங்கள், ஒன்றின் கையை வெட்டி வேறுவிதமாக வையுங்கள், ஒன்றுக்குத் தாடி. 14க்கும் ஐந்து விதம் போதும், கண் அதற்கு மேல் எண்ணாது.


ஓடாவிபேரன் எழுதியது:

நாய் வரைக்கும் வந்தாயிற்றா, நல்லது. வாலை நேராக விட்டிருப்பீர்கள், மேலே வளைத்து நுனியில் குஞ்சம் வையுங்கள், பிள்ளை வாயால் சிங்கம் என்று சொல்லும்.

கொய்யா முடிந்தால் வாங்க. 1978 சூறாவளியில் விழுந்த விளாமரம் ஒன்றின் துண்டு அப்பப்பாவின் கொட்டிலில் இன்னும் கிடக்கிறது, கொய்யாவை விட இறுக்கம், ஆனால் காய வேண்டியதெல்லாம் காய்ந்து முடிந்த மரம், இனி அசையாது. மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்கு ஏறினால் கொக்கட்டிச்சோலைச் சந்தியில் வந்து ஒரு செய்தி போடுங்கள். ஞாயிறு என்றால் நான் வீட்டில்தான். வாளைக் கொண்டுவாங்க, என்னுடையது பல் போய்விட்டது.